அம்மா கேட்ட நெற்றிச் சிலுவை

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதை இன்று காலை பசியாறும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் மீதியை நீ படிக்க மாட்டாய். வாட்சாப்பில் நான் கொஞ்சம் நீளமாக எழுதினாலே மேல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் படிக்க உனக்கு நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். மத்தியான வெயில் ஜெலுத்தோங் வட்டாரம் முழுவதையும் வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. எனக்கும் வேறு வேலை இல்லை.

விஷயம் சின்னதுதான். வரும் வியாழக்கிழமை அம்மாவுக்கு இருதய வால்வை மாற்றுகிறார்கள். புதன்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வீட்டை விட்டு இறங்குவதற்கு முன் நீ வந்து அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட வேண்டும் என்று கேட்டாள். நீ பாலர் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து கே.எல்.லுக்கு வேலைக்குக் கிளம்பிய நாள் வரை, வாசலில் நிறுத்தி உன் நெற்றியில் கட்டைவிரலால் அவள் போட்டதை, இந்த ஒரு தடவை நீ அவளுக்குப் போட வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அதற்கு நீ சொன்னாய்: "ஆப்பரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன் பா, லீவு போட்டாச்சு. ஆனா அந்தச் சிலுவை மட்டும் வேண்டாம். எனக்கு நம்பிக்கை போய்ட்டுன்னு அம்மாவுக்கே தெரியும். அம்மா நெத்தியில என்னால பொய் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கத்தோலிக்க அப்பா இப்படி எழுதுவது அழகல்ல, ஆனாலும் உண்மை அதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக் காலம் முழுவதும் தரப் பரிசோதனையில் உட்கார்ந்திருந்தவன் நான். தேறின பொருளுக்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு. நடுவில் மஞ்சள் என்று ஒன்று கிடையாது. சோதிக்காமல் பச்சை ஒட்டுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. நீ அப்படி ஒட்ட மாட்டேன் என்கிறாய். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னைக் கோபித்துக்கொள்ள இந்தக் கடிதம் எழுதவில்லை. பயமுறுத்தி வரவழைக்கவும் எழுதவில்லை. டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னதை உனக்கும் அப்படியே சொல்லியிருக்கிறேன்: பெரும்பாலும் நல்லபடியாக முடியும், சிலருக்கு முடிவதில்லை.

இந்தச் சிலுவை விஷயத்தில் உன் சந்தேகம் புதிதும் இல்லை. ஆறாம் ஆண்டுச் சோதனை முடிவு வந்த அன்று நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். கீழ் வீட்டுச் சீனப் பையன் உன்னைவிட நன்றாக எழுதியிருந்தான். "அவன் அம்மா சிலுவையெல்லாம் போடறதே இல்ல, பின்ன எப்படி?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாய். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அம்மா சோற்றைப் போட்டபடியே, "அவங்க அம்மாவும் எங்கேயோ ஊதுபத்தி கொளுத்தியிருப்பாங்க. நீ இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம் லா" என்றாள். கேள்விக்குப் பதிலும் ஆச்சு, உனக்கு ஒரு குட்டும் ஆச்சு. அவளுக்கு அது பெரிய கேள்வியாகவே படவில்லை. மதிப்பெண் வாங்குவதற்காக அவள் சிலுவை போட்டாள் என்று நீயும் நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உனக்கு நம்பிக்கை விட்டுப்போனது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தெரியும். நீ அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. இப்போது பேசிவிடுவோம். நீ எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த சமயம். அம்மா டெங்கியில் படுத்து, ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், தீவிர சிகிச்சையில் கிடந்தாள். அதே வாரம் உன் ஞானத்தகப்பன் சூசை அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். நம் தமிழ்ப் பூசையில் கீபோர்டு வாசித்தவர், உனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எனக்குத் தெரியாமல் அதைச் செய்ததாக நீங்கள் இரண்டு பேரும் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் அப்போது ஞாயிறு பூசையில் வாசகன். பூசைக் கருத்துகளையும் மன்றாட்டுகளையும் மேடையில் நின்று வாசிக்க வேண்டும். நன்றி சொல்பவர்கள், நோயாளிகள், இறந்தவர்கள் என்று மூன்று தலைப்பு. கோயில் அலுவலகத்தில் இருந்த ஐரீனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நல்ல பெண்மணி, சீனம், ஆங்கிலம், மலாய் மூன்றிலும் வேலை பார்ப்பார். தமிழை மட்டும் நாம் வாட்சாப்பில் அனுப்பியதை அப்படியே எடுத்து ஒட்டுவார். தலைப்பும் தமிழ், பெயரும் தமிழ், அவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த வாரம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெயரையும் தனித்தனியாக அனுப்பினேன். சூசை அண்ணனின் பெயர் முதலில் போனதால் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அம்மாவின் பெயர் பிந்திப் போனது. ஐரீன் அதைத் தாளின் கடைசியில் ஒட்டிவிட்டார். கடைசியில் இருந்த தலைப்பு இறந்தவர்களுடையது.

பூசை தொடங்க நேரமாகிவிட்டது என்று தாளை முன்கூட்டிப் பார்க்காமல் மேடை ஏறினேன். வாசகனுக்கு வாய் ஒரு பக்கம் ஓடும், புத்தி இன்னொரு பக்கம் இருக்கும். என் புத்தி ஆஸ்பத்திரியில் இருந்தது. நோயாளிகளில் சூசை அண்ணனை வாசித்தேன். பிறகு, இறந்துபோன லூர்துசாமி, மரியம்மாள், பிலோமினா ஆகியோருக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருள வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம் என்று வாசித்து முடித்தேன். கோயில் முழுவதும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நான்காவது வரிசையில் நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த உன் சின்னம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் நீ. அப்போதுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கு உறைத்தது. அப்படியும் அடுத்த மன்றாட்டுக்குப் போனேன். நாட்டுத் தலைவர்களுக்காக.

பூசை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினேன். ஃபாதர் வந்து என் தோளில் கையை வைத்து, "பேரைத் தப்பா வாசிச்சா ஆயுசு கெட்டின்னு நெனச்சுக்குங்க" என்றார். ஐரீன் அழுதார். நான் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த வாரமே அம்மாவுக்குத் தட்டணுக்கள் ஏறி, அவள் கஞ்சி கேட்டு, வீட்டுக்கு வந்துவிட்டாள். சூசை அண்ணனுக்காக ஊரே ஜெபித்தது. புக்கிட் மெர்தாஜாம் திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், வீடு வீடாக ஜெபமாலை சொன்னார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அந்த வீட்டில் எல்லோருமே அழுதார்கள். அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்தபோது நீ என்னிடம் கேட்டாய்: "அம்மாவுக்கு நாம செத்தவங்க ஜெபத்தைச் சொன்னோம், நடந்து வந்துட்டாங்க. சூசை மாமாவுக்குச் சரியான ஜெபத்தைச் சொன்னோம், பெட்டியில வந்தாரு. அப்ப ஜெபம் எப்படி லா பா வேலை செய்யுது?"

நீ கேலி செய்யவில்லை. உன் கண் சிவந்திருந்தது. உனக்குப் பதில் தேவைப்பட்டது. நான், "ஆண்டவருடைய திட்டம் நமக்குத் தெரியாதுப்பா" என்றேன். ஏதோ ஒரு பிரசங்கத்தில் கேட்ட இரவல் வார்த்தை. நீ எழுந்து போய் உன் தட்டைக் கழுவி வைத்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குத் தலைவலி, வயிற்றுவலி, பகுதி நேர வேலை. அன்றைக்கு நான் "எனக்கும் தெரியலப்பா" என்று சொல்லியிருந்தால், நீ கோயிலுக்கு வந்திருப்பாயோ என்னவோ, என்னோடு இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாய்.

இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரியாது. அப்போதும் தெரியாது. பரிசோதனைக்காரனாகப் பார்த்தால் ஜெபம் எந்தச் சோதனையிலும் தேறாது. ஒரே மாதிரி இரண்டு பேர், ஒரே ஆஸ்பத்திரி. ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தால் சாட்சி சொல்லி நன்றிப் பூசை, கிடைக்காவிட்டால் திட்டம் தெரியாது. இப்படி ஒரு பொருளை எவனாவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் ஒன்றை நீயும் யோசித்துப் பார். பிடிபடப் போகிற அன்று தோட்டத்தில் முழந்தாளிட்டு இயேசு கேட்டதே அவருக்குக் கிடைக்கவில்லை. அதை ஒளித்து வைக்காமல் எழுதி வைத்து, வருஷா வருஷம் பெரிய வியாழனன்று நினைத்துப் பார்க்கிறார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சரக்கு விற்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார்கள். தோமாவையும் பார். தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர்தான் கடல் தாண்டி நம் ஆட்களிடம் வந்ததாகச் சொல்கிறோம். உடனே நம்பினவர்கள் யாரும் அவ்வளவு தூரம் வரவில்லை. இதெல்லாம் நிரூபணம் இல்லை. சிவப்பு ஸ்டிக்கரைக் கையில் எடுத்தவன் ஒட்டாமல் வைத்திருப்பதற்கு இவைதான் காரணம்.

இன்னொரு காரணம் தெரசாக்கா. சூசை அண்ணன் போன பிறகு அவர் மனைவி வெகுநாள் கோயில் பக்கமே வரவில்லை. நியாயம்தான் என்று நினைத்தேன். ஒருநாள் திடீரென்று வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். பூசை முடிந்து பசார் வரை கூட நடந்தேன். "மனசு ஆறிட்டா அக்கா?" என்று கேட்டேன். "ஆறலை லா. இன்னும் அப்படியேதான் எரியுது," என்றார். "பின்ன ஏன் வந்தீங்க?" "வீட்டுல உட்கார்ந்து கோவப்பட்டா யார் மேல கோவப்படறதுன்னே தெரியல. செவுத்தப் பார்த்துத் திட்டிக்கிட்டு இருக்கேன். இங்க வந்தா ஆள் இருக்கு." சொல்லிவிட்டுக் கீரைக்காரனிடம் பேரம் பேசப் போய்விட்டார். நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் சின்னது. ஜெபம் வேலை செய்கிறதா என்று நாம் பார்த்துக்கொண்டிருந்த இடம் வேறு, அது நடக்கிற இடம் வேறோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றியது அவ்வளவுதான். தெரசாக்காவுக்கு அங்கே ஆள் இருந்தது. எனக்கு அங்கே விசிறியும் பாட்டும் தெரிந்த முகங்களும் இருந்தன. நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

இனி அம்மா சொன்னது.

காலையில் அவளுக்கு இரண்டு ரொட்டியும் சீனி போடாத தேத்தண்ணியும் வைத்துவிட்டு, நீ சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பொய் சொல்ல முடியாது என்று நீ சொன்னதையும் சொன்னேன். அவள் முகம் வாடியது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "அதுக்கென்ன பிலோ, நான் போட்டு விடறேன்" என்றேன். அவள் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்தபடி, "நீங்க போட்டா மட்டும் என்ன? உங்களுக்கும்தான் நம்பிக்கை இல்ல," என்றாள்.

தம்பி, இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. ஞாயிறு தவறியதில்லை, ஜெபமாலைக்கு உட்காராமல் இருந்ததில்லை. "யார் சொன்னா?" என்று கேட்டேன். "என் தங்கச்சி சொன்னா," என்றாள். "அன்னிக்கு என் பேரைச் செத்தவங்களோட சேர்த்து வாசிச்சீங்கல்ல. வாசிச்சுட்டு, தெரிஞ்ச பிறகும் நிக்காம அடுத்ததுக்குப் போனீங்களாம். கேட்கறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு நெனச்சிருந்தா, ஐயோ ஆண்டவரே இவ இல்லன்னு அங்கேயே திருத்தியிருப்பீங்க. வெளியில வந்து சனங்ககிட்டத்தான் திருத்தினீங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. உப்புக் குறைகிறது என்பது போலச் சொன்னாள். டெங்கியில் கிடந்து எழுந்தவள், தங்கையிடம் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் என் சட்டையை இஸ்திரி போட்டு வாசிக்க அனுப்பியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. "தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேட்கல?" என்றேன். "கேட்டா மட்டும் வந்துருமா?" என்றாள்.

பிறகு உன் விஷயத்துக்கு வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் நெத்தியில நான் போட்டப்ப அவன் என்ன நம்பிக்கிட்டா நின்னான்? பாதி நாள் தூங்கி வழிஞ்சுக்கிட்டு நிப்பான். பெரிய பையனான பிறகு கூட்டாளி பார்த்துருவான்னு தலையை இழுத்துக்குவான். எனக்கு அது பொய்யாத் தெரியல. அப்ப நெத்தி அவனோடது, நம்பிக்கை என்னோடது. இப்ப நெத்தி என்னோடது. நம்பிக்கையும் நானே வச்சிருக்கேன், ரெண்டு பேருக்கும் சேர்த்து. அவன்கிட்ட நான் அதையா கேட்டேன்? அவன் விரலைத்தானே கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். உன் வாதத்துக்கு இது சரியான பதிலா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பதில் இல்லை என்று பட்டால் நேரில் வந்து அவளிடமே சொல். எனக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். அம்மா நெற்றியில் பொய் சொல்ல முடியாது என்றாய். அவள் உன்னை எதையும் சொல்லச் சொல்லவே இல்லை. அதற்கென்று இருக்கும் வார்த்தைகளை அவளே சொல்லிக்கொள்வாள். நீ வாயை மூடிக்கொண்டு நிற்கலாம்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிறோம். அன்றைக்குக் காலையில் கிளம்பி வரலாம் என்று நினைக்காதே, தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொள்வாய். செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன், விசிறி மட்டும் கொஞ்சம் சத்தம் போடும். பையை அம்மா முன்னமே கட்டி வைத்துவிட்டாள். ஜெபமாலை மேலாக இருக்கிறது, எடுக்க லேசாக.

இத்தனை பக்கத்தில் எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்ப்பவன் போல எழுதியிருக்கிறேன். படிக்கும்போது உனக்கே தெரியும். உண்மையில் எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இரண்டு நாளாகச் சமையலறையில் நின்று யாரிடம் என்று தெரியாமல் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஜெபம் என்று பெயரா என்று எனக்குத் தெரியாது. பிலோமினா என்று பெயரைச் சொல்லி, நோயாளி, நோயாளி என்று திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நீ வந்து, அம்மாவுக்குப் போட்டு முடித்ததும் கையை உடனே சட்டைப்பையில் வைத்துவிடாதே. நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா